அறிஞர் ஜேம்ஸ் பிரின்ஸெப்பும் பண்டைச் சரித்திர ஆராய்ச்சியும்

தோற்றுவாய்

ஒரு நாட்டின் பண்டைச் சரித்திரத்தை அறிதற்குரிய கருவிகள் யாவை என வினவின், பழைய நூல்களே என்று பலரும் விடை கூறுவர். நூல்கள் சிறந்த கருவிகளே. ஆயினும் அவை படியெடுப்போர் பலர் கைப்பட்டு வருதலின் இடையிடையே மாறுதல் அடைவன. தாம் தோன்றிய காலத்தைப் பெரும்பாலும் தாமே சொல்லாதன. கல்லிலும் செம்பிலும் நாணயத்திலும் பொறிக்கப்பட்ட எழுத்தோ, பொறித்தவன் கைவிட்ட நாள்தொட்டு அவ்வண்ணமே நிற்பது. அரசன் ஒருவன் இருந்தான் என்பதற்கு அவன் ஆணை தாங்கிய கல்லினும் நெருங்கிய சான்று வேறில்லை.

இவ்வுண்மை இக்காலத்துக் கல்லூரி மாணவர்க்கு எளியதாகத் தோன்றும். இருநூறு ஆண்டுகளுக்கு முன்னரோ நிலைமை வேறு. இந்தியாவின் பண்டை அரசருள் தலைசிறந்தவனாக இன்று உலகம் போற்றும் அசோகன், அந்நாளில் புராணங்கள் கூறும் அரச பரம்பரைகளில் வரும் பெயர்களுள் ஒன்றாகவே இருந்தான். அவன் நிறுத்திய தூண்கள் வெட்டவெளியில் நின்றன; அவன் ஆணைகள் மலைச்சாரற் பாறைகளில் வெயிலும் மழையும் பட்டுக் கிடந்தன. கண்டவர் பலர், கற்றவர் ஒருவரும் இலர். அவ்வெழுத்தின் பூட்டைத் திறந்து, மறைந்த ஒரு பேரரசை மக்கள் நினைவிற்கு மீட்டுத் தந்தவர் ஜேம்ஸ் பிரின்ஸெப் என்னும் ஆங்கிலேயர். அவர் சரித்திர ஆசிரியர் அல்லர். இலக்கணப் புலவரும் அல்லர். நாணயசாலையில் பொன்னும் வெள்ளியும் மாற்றுக் காணும் அலுவலர். நாற்பது வயதளவில் உலகவாழ்வை நீத்த அப்பெரியாரின் வரலாற்றையும், அவர் வகுத்த ஆராய்ச்சி நெறியையும் சுருங்கக் கூறுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

பிறப்பும் இளமையும்

பிரின்ஸெப் 1799-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 20-ம் நாள் பிறந்தார். தந்தையார் ஜான் பிரின்ஸெப் வறியராய் இந்தியா போந்து, அவுரித் தொழிலாற் பெரும்பொருள் ஈட்டி, இங்கிலாந்து திரும்பி வாணிகம் நடத்தியவர். ஆண்மக்களுள் ஏழாமவர் ஜேம்ஸ். பள்ளியிற் கற்றதினும் இல்லத்தில் தமையன்மாரிடத்துக் கற்றதே அவருக்கு மிகுதி. நுட்பமாகச் சித்திரம் எழுதுவதிலும் பொறிகள் இயற்றுவதிலும் இளமையிலேயே அவருக்குத் தனித்திறன் வாய்த்திருந்தது. அதுகண்டு, கட்டடக்கலை பயிலுமாறு அகஸ்டஸ் பியூஜின் என்னும் புகழ்பெற்ற கலைஞரிடம் அவரை விடுத்தனர். ஆயின் கண்நோய் ஒன்று வந்து பார்வையைக் குறைத்தமையின், விரும்பிய அத்தொழிலை அவர் கைவிட நேர்ந்தது.

அந்நாளில் இந்திய நாணயசாலையில் மாற்றுக் காணும் அலுவலர்க்கு இடம் உண்டெனத் தந்தையார் அறிந்தார். எனவே மைந்தர் இலண்டனில் இரசாயனம் பயின்று, அரசாங்க நாணயசாலையிலும் பயிற்சி பெற்றார். கண்பார்வை குறைந்ததென ஒரு தொழிலை இழந்தவரே, பிற்காலத்தில் பல்லாயிரம் நாணயங்களின் தேய்ந்த எழுத்துக்களையும், மங்கிய கல்வெட்டுப் படிகளையும் உற்று நோக்கி உண்மை கண்டார் என்பது வியக்கத்தக்கது. 1819-ம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில், இருபது வயதினராய், தமையனார் ஒருவருடன் அவர் கல்கத்தாத் துறையில் வந்திறங்கினார்.

காசியில் பத்தாண்டு

கல்கத்தா நாணயசாலையில் அவருக்குத் தலைவராக இருந்தவர் ஹொரேஸ் ஹேமன் வில்ஸன் என்னும் வடமொழிப் பேரறிஞர். அவர் 1820-ம் ஆண்டில் பிரின்ஸெப்பைக் காசி நாணயசாலைக்கு அனுப்பினார். அந்நாணயசாலை 1830-ம் ஆண்டில் மூடப்படுமளவும் பிரின்ஸெப் அந்நகரத்திலேயே தங்கினார்.

தமக்குரிய அலுவலை முடித்து ஓய்ந்திருப்பது அவர் இயல்பன்று. காசிநகரின் தெருக்களையெல்லாம் அளந்து, மைல் ஒன்றுக்கு எட்டு அங்குலம் என்னும் அளவில், 1822-ம் ஆண்டில் ஒரு படம் வகுத்தார். நகரத்து மக்கள் தொகையைக் கணக்கிட்டார். தேங்கிய குளங்களின் நீர் வடியுமாறு நிலத்தின்கீழ் வளைவுக் கால்வாய் அமைக்கத் துணை நின்றார். கர்மநாசை ஆற்றின்மேற் கற்பாலம் கட்டுவித்தார். ஔரங்கசீப் காலத்துப் பள்ளிவாசலின் தூபிகள் சாய்ந்து இடியும் நிலையில் இருக்க, அவற்றைச் செப்பனிட உதவினார். படித்துறைகளையும் கோயில்களையும் விழாக்களையும் தம் கையாற் சித்திரித்து நூலாக வெளியிட்டார்.

இவற்றினூடே அறிவியல் ஆராய்ச்சியும் நடந்தது. உலையின் கடுவெப்பத்தை அளத்தற்கு அக்காலத்துத் தக்க கருவி இல்லை. பொன், வெள்ளி, பிளாட்டினம் ஆகியவற்றை வெவ்வேறு அளவிற் கலந்த உலோகத் துண்டுகள் வெவ்வேறு வெப்பநிலையில் உருகுதலைக் கொண்டு உலையின் வெம்மையை அறியும் முறையை அவர் கண்டார். அக்கட்டுரையை 1828-ம் ஆண்டில் இலண்டன் ராயல் சங்கம் வெளியிட்டு, அவரைத் தன் உறுப்பினராகவும் ஏற்றுக்கொண்டது. மயிரிழையளவு எடையையும் காட்டும் தராசொன்றையும் அவர் அமைத்தார். ஐயுற்றதை அளந்து பார்த்தல், அளந்ததை எழுதி வைத்தல், எழுதியதைப் பிறர் சோதிக்குமாறு வெளியிடல் என்னும் மூன்று பழக்கங்களும் இவ்வாறு அவர்பால் வேரூன்றின. பிற்காலத்துச் சரித்திர ஆராய்ச்சிக்கு அவர் கொண்டுவந்த முதற்பொருள் இப்பழக்கங்களே என்னலாம்.

ஆசியச் சங்கத்துச் செயலாளர்

1830-ல் கல்கத்தாவுக்கு மீண்ட பிரின்ஸெப், 1832-ல் வில்ஸன் விலகியபின் நாணயசாலையின் மாற்றுத் தலைவரானார். நாடெங்கும் பல்வேறு எடையும் மாற்றும் கொண்ட நாணயங்கள் வழங்கிய அந்நாளில், எல்லா மாகாணங்கட்கும் ஒரே நாணயம் வேண்டுமென அவர் வற்புறுத்தினார். 1835-ம் ஆண்டில் 180 கிரெயின் எடையுள்ள வெள்ளி ரூபாய் பொது நாணயமாக வந்தது.

வில்ஸன் விட்டுச்சென்ற மற்றொரு பொறுப்பும் பிரின்ஸெப்பை அடைந்தது. 1784-ம் ஆண்டில் சர் வில்லியம் ஜோன்ஸ் நிறுவிய ஆசியச் சங்கத்தின் செயலாளர் பதவியே அது. தாம் நடத்திவந்த அறிவியற் பத்திரிகையை அவர் அச்சங்கத்தின் மாத வெளியீடாக மாற்றினார். அதன் இதழ்கள் காடு மலைகளில் அளவை வேலை செய்யும் எஞ்சினியர்க்கும், எல்லைப்புறத்துப் படைவீரர்க்கும், மருத்துவர்க்கும், கிறிஸ்தவத் தொண்டர்க்கும் சென்றன. தங்கள் கண்ணிற் பட்ட பழம்பொருளை அனுப்புமாறும், கல்லெழுத்தைப் படியெடுத்து அனுப்புமாறும் அவர் யாவரையும் வேண்டினார். வந்த பொருள் யாதாயினும் நன்றியுடன் ஏற்று, அதற்குரிய சித்திரத்தைத் தம் கையாலேயே செதுக்கி, அனுப்பியவர் பெயருடன் வெளியிட்டார். தனித்தனியே கிடந்த அறிவுத் துணுக்குகள் ஓரிடத்திற் குவியலாயின.

1835-ம் ஆண்டில், கீழ்நாட்டு மொழி நூல்களை அச்சிடுவதற்கு அளித்துவந்த பொருளை அரசாங்கம் நிறுத்தியது. அச்சேறிப் பாதியில் நின்ற நூல்கள் பாழாகும் நிலை எய்தின. மகாபாரதமும் அவற்றுள் ஒன்று. அவ்வேலையைச் சங்கமே மேற்கொண்டு முடித்தது. செயலாளர் என்ற முறையில் இம்முயற்சியில் முன்னின்றவர் பிரின்ஸெப்.

நாணயம் காட்டிய வழி

பஞ்சாபிலும் ஆப்கானிஸ்தானத்திலும் பழைய தூபிகள் அகழப்பட்டு, நாணயங்கள் பல கல்கத்தாவுக்கு வரத் தொடங்கின. அலெக்ஸாந்தருக்குப் பின் அந்நாடுகளை ஆண்ட யவன அரசரின் நாணயங்களில் ஒருபுறம் கிரேக்க எழுத்தும், மறுபுறம் அறியப்படாத வேறோர் எழுத்தும் இருந்தன. இருபுறமும் ஒரே பெயரைக் கூறுதல் கூடுமென அங்குத் தங்கி ஆராய்ந்த சார்ல்ஸ் மாஸன் என்பார் குறிப்பித்தார். அக்குறிப்பைக் கொண்டு மெனாண்டர், அப்பொல்லோடோடஸ் முதலிய அரசர் பெயர்களை ஒப்புநோக்கி, இக்காலத்தில் கரோஷ்டி எனப்படும் அவ்வெழுத்தின் பல வடிவங்களைப் பிரின்ஸெப் கண்டறிந்தார். அம்முயற்சியை அவர் முற்றும் முடித்திலர். பின்வந்த அறிஞர் முடித்தனர்.

அறியாததை அறிந்ததனோடு இணைத்தே அறிதல் வேண்டும் என்பதை இந்நாணயங்கள் அவருக்கு உணர்த்தின. அன்றியும், ஒரு நாணயத்தின் எடையும் மாற்றும் உருவமும் அடுத்த நாணயத்தினின்று சிறிது சிறிதாக வேறுபடும் முறையைக் கொண்டு, அரசர்களை முன்பின்னாக வரிசைப்படுத்தலாம் என்பதையும் அவர் காட்டினார். குப்தர் நாணயங்களும், சௌராஷ்டிரத்து க்ஷத்ரபர் நாணயங்களும் இவ்வாறே அவர் கையில் சரித்திர ஏடுகள் ஆயின.

தூணெழுத்து

பதினான்காம் நூற்றாண்டில் தில்லியை ஆண்ட பிரூஸ் ஷா துக்ளக், தோப்ரா, மீரத் என்னும் இடங்களில் நின்ற இரு கற்றூண்களைத் தன் தலைநகர்க்குக் கொணர்வித்தான். அவற்றில் எழுதியிருப்பது யாதென அந்நாட் பண்டிதரை வினவ, அவர்களாற் கூற இயலவில்லை. அதே எழுத்து அலகாபாத்துத் தூணிலும் இருந்தது. அத்தூணிலேயே பிற்காலத்துச் சமுத்திரகுப்தன் சாசனமும் இருந்தமையின், பிந்திய எழுத்தைப் படித்தறிந்த அறிஞர்க்கு முந்திய எழுத்தையும் அறியும் வேட்கை பெருகிற்று.

பிரின்ஸெப் 1834-ம் ஆண்டில் அத்தூணின் எழுத்துக்களை ஒவ்வொன்றாகப் பிரித்து வகைப்படுத்தினார். அடிப்படை வடிவங்கள் சில. அவற்றின் மேலும் கீழும் பக்கத்தும் சிறு கோடுகள் சேர்ந்து வருவன பல. இக்கோடுகள் உயிரொலியைக் காட்டும் குறிகளாதல் வேண்டுமென அவர் துணிந்தார். பொருள் ஒன்றும் விளங்காத நிலையிலேயே எழுத்தின் அமைப்பு விளங்கிற்று. ஸ்டீவன்ஸன் என்னும் கிறிஸ்தவத் தொண்டர் மேற்குக் கரைக் குகைக் கல்வெட்டுக்களில் சில எழுத்துக்களை அடையாளம் கண்டார். ஜெர்மானிய அறிஞர் லாஸன், அகதோகிளிஸ் என்னும் யவன அரசன் நாணயத்தைக் கொண்டு, 1836-ல் வேறு சிலவற்றை அறிந்தார். எனினும் தூணெழுத்தைத் தொடர்ந்து படிப்பார் அதுகாறும் இலர்.

எகிப்து நாட்டுச் சித்திர எழுத்தை 1822-ல் பிரஞ்சு அறிஞர் ஷாம்போலியன் படித்தபோது, ரொஸெட்டாக் கல்லில் கிரேக்க மொழிபெயர்ப்பு உடனிருந்தது. தில்லித் தூணுக்கு அத்தகைய துணை இல்லை. துணை எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது.

1837-ம் ஆண்டில் காப்டன் எட்வர்டு ஸ்மித் என்பார் சாஞ்சித் தூபியின் கல்வேலியிலிருந்து சிறுசிறு எழுத்து வரிகளைப் படியெடுத்து அனுப்பினார். நெடிய சாசனங்களைக் கண்டு பழகியவர்க்கு அவை அற்பமாகத் தோன்றியிருக்கும். பிரின்ஸெப் அவற்றை அச்சிடுதற்கு வரிசைப்படுத்தும்போது, அவற்றுட் பெரும்பாலான வரிகள் ஒரே இரண்டெழுத்தில் முடிதலைக் கண்டார். தொடர்ந்த சாசனமாயின் இவ்வாறு முடிதல் பொருந்தாது. தனித்தனிக் கல்லில் தனித்தனிச் சிறுவரி இருப்பதால், அவை அன்பர் பலர் தூபிக்கு அளித்த கொடையைக் குறிப்பனவாதல் வேண்டும். புத்தர் கோயில்களில் கொடையாளர் தாம் அளித்த பொருளின்மேல் தம் பெயர் எழுதிவைக்கும் வழக்கத்தை அவர் அறிவார். அங்ஙனமாயின் இறுதிச் சொல் தானம் என்பதேயாகும். இறுதி இரண்டெழுத்துள் முன்னதற்கு ஒரு பக்கக்கோடும் பின்னதற்கு ஒரு புள்ளியும் இருந்தன. கோடு நெட்டுயிரையும் புள்ளி ஈற்று மகரத்தையும் காட்டுமெனின் அச்சொல் அவ்விடத்தில் முற்றும் பொருந்திற்று. அதன் முன்னர் இடையறாது வந்த எழுத்தோ ஆறாம் வேற்றுமையைக் காட்டும் ஸகரம். இதனைச் சௌராஷ்டிர நாணயங்களில் அரசர் பெயரின் இறுதியில் அவர் அப்பொழுதுதான் கண்டிருந்தார். இன்னாருடைய தானம் என்ற தொடர் கிடைத்தது. கிடைக்கவே, பெயர்கள் தோறும் புதிய எழுத்து ஒவ்வொன்றாக விளங்கிற்று. மே மாதம் முடியுமுன் நெடுங்கணக்கின் பெரும்பகுதி அவர் கைவசமாயிற்று.

அரசனும் பேரரசனும் புலப்படுத்தாத இரகசியத்தைப் பெயரறியாத வணிகரும் துறவியரும் இல்லத்துப் பெண்டிரும் அளித்த சிறு கொடைகள் புலப்படுத்தின. ஆராய்ச்சியுலகில் அற்பமான சான்று என ஒன்றில்லை என்பதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு யாது வேண்டும்?

பியதசி யார்?

எழுத்து விளங்கியபின் தில்லித் தூணை நோக்கினார். அதன் மொழி வடமொழியன்று, மக்கள் வழங்கிய பிராகிருதம் என்பது தெரிந்தது. கமலாகாந்தர் முதலிய பண்டிதர் உடனிருந்து துணைபுரிந்தனர். சில வாரங்களில் மொழிபெயர்ப்பு வெளிவந்தது. தேவானம்பிய பியதசி, அஃதாவது தேவர்க்கினியனும் இன்முகம் உடையோனுமாகிய அரசன், தான் முடிசூடிய இருபத்தாறாம் ஆண்டில் தன் குடிகட்கு அறம் உரைக்கின்றான். உயிர்க்கொலையைக் குறைக்கின்றான், வழிகளில் ஆலமரம் நட்டுக் கிணறு தோண்டுவிக்கின்றான், பல சமயத்தாரையும் ஒருங்கே ஓம்புகின்றான். வெற்றியும் வீரமும் கூறும் மெய்க்கீர்த்தியை எதிர்நோக்கியிருந்தோர்க்கு இது பெருவியப்பு அளித்தது.

இவ்வரசன் யாவன்? இந்திய நூல்கள் கூறும் அரச வரிசை ஒன்றிலும் இப்பெயர் காணப்படவில்லை. இலங்கையில் ஆண்ட திஸ்ஸன் என்னும் அரசனுக்குத் தேவானம்பியன் என்ற சிறப்புப் பெயர் உண்டு. ஆதலின் அவனே இவனாகலாமெனப் பிரின்ஸெப் முதலில் கருதி எழுதினார். இலங்கையரசன் ஆணை வடஇந்தியாவெங்கும் நிற்பது எங்ஙனம் என்னும் ஐயம் எழாமல் இல்லை.

அந்நாளில் இலங்கை அரசாங்க அலுவலில் இருந்தவர் ஜார்ஜ் டர்னர் என்பார். மகாவம்சத்தைப் பாலியிலிருந்து ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர். தீபவம்சம் என்னும் அதனினும் பழைய பாலிநூலை அவர் ஆராய்ந்தபோது, சந்திரகுப்தன் பேரனும் பிந்துசாரன் மகனுமாகிய அசோகனுக்குப் பியதஸ்ஸி என்னும் பெயரும் அதில் வழங்கக் கண்டு, உடனே பிரின்ஸெப்புக்கு அறிவித்தார். பிரின்ஸெப் தாம் முன்பு கூறியதைத் தயங்காது கைவிட்டு, டர்னருக்கு உரிய புகழை அவருக்கே அளித்துப் புதிய முடிவைத் தம் பத்திரிகையில் வெளியிட்டார். சந்திரகுப்தனே கிரேக்க ஆசிரியர் கூறும் சண்டிரகொட்டஸ் என்பதைச் சர் வில்லியம் ஜோன்ஸ் 1793-லேயே காட்டியிருந்தார். ஆகவே பேரனுடைய காலமும் ஒருவாறு வரையறை பெற்றது.

டர்னர் முடிவை நேரே உறுதிசெய்யும் கல் ஒன்று பின்னர் 1915-ம் ஆண்டில் மஸ்கி என்னும் ஊரிற் கிடைத்தது. அதில் அசோகன் என்ற இயற்பெயரே பொறிக்கப்பட்டிருந்தது. எழுபத்தெட்டு ஆண்டுகட்குப் பின்னர் வந்த சான்று, நூலையும் கல்லையும் ஒப்பிட்டுக் கண்ட முடிபு சரியென்று காட்டியது.

கிர்நாரும் தௌலியும்

குஜராத்தில் கிர்நார் மலையடியில் ஒரு பெரும்பாறை எழுத்து நிறைந்து கிடந்தது. பம்பாயிற் கிறிஸ்தவத் தொண்டும் கல்வித் தொண்டும் புரிந்த டாக்டர் ஜான் வில்ஸன் அதனைப் படியெடுத்தார். கீழ்க்கடற்புறத்தில் ஒரிஸ்ஸா நாட்டுத் தௌலியில் அத்தகைய மற்றொரு பாறையை 1837-ல் லெப்டினெண்டு கிட்டோ என்பார் கண்டறிந்து படியெடுத்து அனுப்பினார். இரு படிகளையும் மேசைமேல் விரித்து ஒப்புநோக்கிய பிரின்ஸெப், நாட்டின் இரு கோடிகளிலுமுள்ள பாறைகள் பெரும்பாலும் ஒரே ஆணைகளைத் தாங்கியிருத்தல் கண்டார். மேல்கடல் முதற் கீழ்கடல் வரை பரந்த ஓர் ஆட்சி அந்நாளில் இருந்தது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று கிடைத்தல் அரிது.

கிர்நார்ப் பாறையின் இரண்டாம் ஆணை, மக்கட்கும் விலங்குகட்கும் மருத்துவம் அமைத்தமையைக் கூறுவது. அதில் அந்தியோகன் என்னும் யவன அரசன் பெயர் காணப்பட்டது. வேறோர் ஆணையில் எகிப்து நாட்டுத் தாலமி முதலிய அரசர் பெயர்களும் வெளிப்பட்டன. மேனாட்டு அரசரின் காலம் முன்னரே அறியப்பட்டதாகலின், அசோகன் காலம் கி.மு. மூன்றாம் நூற்றாண்டென ஐயமின்றி நிலைபெற்றது. இந்தியாவின் பண்டைச் சரித்திரத்திற்குக் கிடைத்த உறுதியான காலத்தூண் இதுவே.

தமிழராகிய நாமும் அவ்விரண்டாம் ஆணையை மறத்தற்கில்லை. அசோகன் ஆட்சிக்கு அப்பாற்பட்ட நாடுகளாகச் சோழர், பாண்டியர், சதியபுத்திரர், கேரளபுத்திரர், தாம்பிரபர்ணி ஆகிய பெயர்கள் அதில் வரிசையாக வருகின்றன. மூவேந்தர் குடிகளின் பழமைக்குக் கல்லிற் கிடைத்த மிகப் பழைய சான்று வடநாட்டுப் பாறையினின்றே வந்தது. சதியபுத்திரர் யாவர் என்னும் வழக்கு நெடுநாள் தீராதிருந்தது. திருக்கோவலூர்க்கு அணித்தாகிய ஜம்பைக் குன்றில் 1981-ம் ஆண்டில் வெளிப்பட்ட கல்வெட்டு, அதியமான் நெடுமான் அஞ்சியைச் சதியபுதன் என்று கூறி அவ்வழக்கைத் தீர்த்தது.

இறுதி நாட்கள்

1837-ம் ஆண்டும் 1838-ம் ஆண்டும் பிரின்ஸெப்பின் அறிவு உச்சநிலை எய்திய காலம். அவருடைய உடல் அழிவு எய்திய காலமும் அதுவே. பகலெல்லாம் நாணயசாலையின் பொறுப்பு. ஏனைய பொழுதெல்லாம் கடிதம், பத்திரிகை, சித்திரம், சாசனம். இந்திய வெயிலில் பத்தொன்பது ஆண்டு இவ்வாறு உழைத்த உடம்பு தளர்ந்தது. கடுந்தலைவலி தோன்றிற்று, வேறு பிணியெனக் கருதிச் செய்த மருந்துகள் பயன்படவில்லை. 1838-ம் ஆண்டு இறுதியில் மனைவியாருடன் கப்பலேறி இங்கிலாந்து சென்றார்.

கப்பலைவிட்டு இறங்கியபோது நோய் முற்றியிருந்தது. நோயுற்றது மூளையே. இரண்டாயிரம் ஆண்டு மறந்த எழுத்தை நினைவிற்குக் கொணர்ந்த அறிவு, படிப்படியாகத் தன் நினைவை இழந்தது. 1840-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் 22-ம் நாள் இலண்டனில் தம் உடன்பிறந்தாள் இல்லத்தில் அவர் இறைவனடி சேர்ந்தார். மனைவியாரும் ஒரு பெண்மகவும் அவரை இழந்தனர். கல்கத்தா நகரத்தார் ஹுக்ளியாற்றங்கரையில் 1843-ல் தூண்கள் நிறைந்த மண்டபமொன்று எடுத்து, அத்துறைக்கு அவர் பெயரையே இட்டனர். இன்றும் அது பிரின்ஸெப் துறை என வழங்குகின்றது.

அவர் வகுத்த நெறி

பிரின்ஸெப் மறைந்தும் அவர் நெறி மறையவில்லை. அவர்பால் நாணயமும் எழுத்தும் பயின்ற இளைஞர் அலெக்ஸாந்தர் கன்னிங்ஹாம், 1861-ம் ஆண்டில் இந்தியத் தொல்பொருளாராய்ச்சித் துறையின் முதல் தலைவரானார். அசோகன் சாசனங்களைத் தொகுத்து 1877-ல் நூலாக்கினார். பிரின்ஸெப் படித்த எழுத்து, பிராமி என்னும் பெயரால் இன்று வழங்குகின்றது. மதுரையைச் சார்ந்த மாங்குளத்துக் குகையில் இராபர்ட் ஸியூவெல் 1882-ல் கண்ட எழுத்தும் அவ்வினத்ததே. அதன் மொழி தமிழென்பதை 1924-ம் ஆண்டில் கே. வி. சுப்பிரமணிய ஐயர் எடுத்துக் காட்டினார். வடமொழிக்கில்லாத ழகர, றகர, னகரங்கட்குத் தனிவடிவு அங்கிருத்தல் அவர் கண்ட சான்றுகளுள் ஒன்று. ஐராவதம் மகாதேவன் அவ்வெழுத்துக்களையெல்லாம் ஆராய்ந்து 2003-ல் பெருநூல் வெளியிட்டார். கல்கத்தாவில் ஏற்றிய விளக்கு வைகைக்கரைக் குகையினுள்ளும் ஒளி வீசிற்று.

ஆராய்தற்குரியன இன்னும் பல உள. பிராமி எழுத்து அசோகன் காலத்திலேயே தோன்றியதோ, அதற்கு முன்னரே வழங்கியதோ என்பது அறிஞர்க்குள் வழக்காகவே உள்ளது. இலங்கை அநுராதபுரத்திலும், நம் நாட்டுக் கொடுமணல், பொருந்தல் முதலிய இடங்களிலும் அகழ்ந்தெடுத்த எழுத்துடைய பானையோடுகள் இவ்வழக்கில் முதன்மையாக ஆராயப்படுகின்றன. ஹரப்பாவிற் கிடைத்த முத்திரை ஒன்றைக் கன்னிங்ஹாம் 1875-லேயே வெளியிட்டார். ஆயினும் சிந்துவெளி எழுத்து இன்றுகாறும் யாவரும் ஒப்பப் படிக்கப்படவில்லை. அதனைப் படித்துவிட்டோம் எனக் கூறினார் பலர். பிறர் சோதித்து ஒப்பும் முடிவு அவற்றுள் ஒன்றும் இல்லை. இங்கும் பிரின்ஸெப்பின் வாழ்க்கை நமக்கு அளவுகோலாகின்றது. தானம் என்னும் ஒரு சொல்லை அவர் ஊகித்தார், அவ்வூகத்தோடு நின்றாரல்லர். அதே எழுத்து மதிப்பு நூற்றுக்கணக்கான வரிகளிலும் பொருள் தருகின்றதா எனப் பார்த்தார். படிகளை வெளியிட்டுப் பிறரும் பார்க்குமாறு செய்தார். பிழையென்று காட்டியபோது நன்றியுடன் திருத்திக்கொண்டார். ஊகமும் உண்மையும் வேறுபடும் இடம் இதுவே.

அவர் கண்டவை யாவும் அவர் ஒருவரால் ஆனவை அல்ல. பாறைமேல் ஏறிப் படியெடுத்த படைவீரரும், பாலி கற்ற இலங்கை அலுவலரும், உடனிருந்து பொருளுரைத்த வங்கநாட்டுப் பண்டிதரும் அவருக்குக் கையும் கண்ணும் ஆயினர். ஒருவர் அறிந்ததை மற்றவர்க்கு ஒளிக்காது வழங்கியதனாலேயே நான்கைந்து ஆண்டுகளில் இத்துணைப் பெருஞ்செயல் நிறைவேறிற்று.

மாணவ நண்பர்காள்! நும் ஊர்க் கோயிற் சுவரிலும், ஏரிக்கரைக் கல்லிலும், குன்றின் பாழியிலும் எழுத்துக்கள் இருக்கலாம். சுண்ணம் பூசப்பெற்றும், துவைகல்லாகியும், உடைபட்டும் அவை நாடோறும் அழிகின்றன. அவற்றைப் படிக்கும் புலமை எல்லார்க்கும் வாய்ப்பதன்று. ஆயினும் அழியாமற் காத்தலும், உள்ளவாறு படியெடுத்து அறிந்தோர்க்கு அனுப்புதலும் யாவர்க்கும் இயல்வனவே. சாஞ்சியின் சிறுவரிகளைப் படியெடுத்து அனுப்பிய காப்டன் ஸ்மித் அவற்றைப் படித்தவரல்லர்; அவர் அனுப்பியிராவிடின் படிப்பதற்கு ஒன்றும் இருந்திராது.